லினக்ஸ் டெஸ்க்டாப்பில் டேட்டாபேஸ் கிளையன்ட்: எதை எடுப்பது, எங்கே இடறும்

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, எஸ்க்யூலைட் ஆகியவற்றோடு அன்றாடம் மல்லுக்கட்டுபவர்களுக்கான பக்கம் இது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றையும் மனத்தில் வைத்து எழுதியது. கிளையன்ட், அதாவது டேட்டாபேஸோடு இணைந்து க்வெரி (கேள்விக் கட்டளை) ஓட்டும் செயலி, சரியில்லை என்று வரும் புகார்களைத் தோண்டினால், கோளாறு பெரும்பாலும் இணைப்பிலோ பேக்கேஜிலோதான் இருக்கும். அதனால் எந்தக் கருவி என்ற கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிட்டு, நிறுவிய பிறகு நடப்பவற்றுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை நிறுவுவது?

பல வகை டேட்டாபேஸ் புழங்கும் வேலை என்றால் டிபீவர் கம்யூனிட்டி. போஸ்ட்கிரெஸ் மட்டும், அதிலும் நிர்வாக வேலை அதிகம் என்றால் பிஜிஅட்மின் 4. எஸ்க்யூலைட் கோப்பைத் திறந்து பார்க்க டிபி பிரௌசர். எதை எடுத்தாலும் பக்கத்தில் டெர்மினல் கிளையன்டும் இருக்கட்டும். போஸ்ட்கிரெஸுக்கு பிஎஸ்க்யூஎல், மைஎஸ்க்யூஎல்லுக்கு அதனுடனேயே வரும் கட்டளைவரிக் கருவி. ஜன்னல் போட்ட கருவி இணைய மறுக்கும்போது, பிழை சர்வரிலா கிளையன்டிலா என்று கண்டுபிடிக்க அதுதான் கைகொடுக்கும்.

டிபீவர், டேட்டாகிரிப், பீகீப்பர், டிபிகேட்: என்ன வித்தியாசம்?

டிபீவர் ஜாவாவில் எக்லிப்ஸ் மேடைமேல் கட்டியது. ஜாவாவின் டேட்டாபேஸ் இணைப்பு முறையான ஜேடிபிசிக்கு டிரைவர் உள்ள எந்த டேட்டாபேஸோடும் பேசும். இலவசப் பதிப்பு திறமூலம், ஆனால் அதில் மாங்கோடிபியும் ரெடிஸும் கிடையாது. அவை கட்டணப் பதிப்பில்தான். மெனுக்கள் அடுக்கடுக்காக இருக்கும், முதல் வாரம் தலை சுற்றும்.

டேட்டாகிரிப் ஜெட்பிரெயின்ஸின் தயாரிப்பு. எஸ்க்யூஎல் எழுதும்போது அது தரும் உதவிக்கு ஈடு இல்லை. ஒரு நெடுவரிசையின் பெயரை மாற்றினால் எங்கெல்லாம் அது வருகிறதோ அங்கெல்லாம் மாற்றித்தரும். 2025 முதல் வணிகமற்ற பயன்பாட்டுக்கு இலவசம். அலுவலக வேலைக்கு உரிமம் வாங்க வேண்டும்.

பீகீப்பர் ஸ்டுடியோவும் டிபிகேட்டும், வலை நிரலை டெஸ்க்டாப் செயலியாக்கும் எலெக்ட்ரானில் எழுதியவை. பீகீப்பர் பார்வைக்குச் சுத்தம். டேபிளைத் திறந்து நாலு வரிசையைத் திருத்தி மூட ஏற்றது. மாங்கோடிபியும் ரெடிஸும் இலவசமாக, அதே ஜன்னலில் வேண்டும் என்றால் டிபிகேட்டைப் பாருங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் எச்சரிக்கிறோம். டிபீவரில் கண்ட்ரோல்+என்டர் கர்சர் இருக்கும் க்வெரியை மட்டும் ஓட்டும். ஆல்ட்+எக்ஸ் முழு ஸ்கிரிப்டையும் ஓட்டும். பிஜிஅட்மினில் எதையும் தேர்வு செய்யாமல் எஃப்5 அழுத்தினால் எடிட்டரில் உள்ள மொத்தமும் ஓடும். இரண்டு கருவியை மாறி மாறிப் பயன்படுத்துபவரின் விரல் ஒருநாள் தவறும். அப்போது மேலே எழுதி மறந்துபோன டெலீட்டும் சேர்ந்து ஓடும். ஆபத்தான வரிகளைக் கமென்ட் ஆக்கி வையுங்கள், அல்லது எடிட்டரில் வேறு தாவலில் எழுதுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லுக்கு அதன் சொந்த வொர்க்பெஞ்ச் போதாதா?

டேபிள்களுக்கிடையே உறவு வரைந்து, அந்தப் படத்திலிருந்தே ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) உருவாக்க வேண்டும் என்றால் வொர்க்பெஞ்ச் நல்லது. அன்றாட க்வெரிக்கு அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மரியாடிபியோடு இணைத்தால் பொருந்தாத பதிப்பு என்று எச்சரிக்கும். தொடரலாம், ஆனால் சில நிர்வாகப் பக்கங்கள் ஒழுங்காக வேலை செய்யாது.

வொர்க்பெஞ்சில் புதிதாக வருபவர்கள் மூன்று இடத்தில் மாட்டுவார்கள். ஒன்று, க்வெரி முடிவு 1000 வரிசையோடு நிற்கும். அது மேல்பட்டையில் உள்ள வரம்பு, டேட்டா குறைவு அல்ல. இரண்டு, பிழை 1175. சாவி நெடுவரிசை இல்லாத நிபந்தனையோடு அப்டேட் போனால் பாதுகாப்பு முறை தடுக்கிறது. மூன்று, நீண்ட க்வெரி பாதியில் பிழை 2013 சொல்லி அறுந்துபோகும். அமைப்புகளில் எஸ்க்யூஎல் எடிட்டர் பக்கத்தில் உள்ள ரீட் டைம்அவுட் என்ற காத்திருப்பு நேர வரம்பைக் கூட்டி, மறுபடி இணையுங்கள்.

எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள்?

மைக்ரோசாஃப்டின் மேனேஜ்மென்ட் ஸ்டுடியோ விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லினக்ஸில் ஓடிய ஆஷர் டேட்டா ஸ்டுடியோவுக்கு 2026 பிப்ரவரி 28-ஐ ஓய்வு நாளாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டது, ஆகவே இனி அதைப் பழக வேண்டாம். விஎஸ் கோடுக்கான எஸ்க்யூஎல் சர்வர் நீட்சியோ டிபீவரோ போதும். ஆரக்கிளுக்கும் விஎஸ் கோட் நீட்சி உண்டு.

டெப், ஆர்பிஎம், ஸ்நாப், ஃபிளாட்பேக், ஆப்இமேஜ்: எந்த வடிவில் நிறுவுவது?

டேட்டாபேஸ் கிளையன்டைப் பொறுத்தவரை எங்கள் பதில் உறுதியானது: டெப் (உபுண்டு, டெபியன்) அல்லது ஆர்பிஎம் (ஃபெடோரா); அது இல்லையென்றால் அவிழ்த்து ஓட்டும் டார் கோப்பு. காரணம், இந்தக் கருவிகள் வெளியே கைநீட்டி வேலை செய்பவை. வெளிச் சர்வரில் பாதுகாப்பாக நுழைய உதவும் உங்கள் எஸ்எஸ்எச் சாவியைப் படிக்க வேண்டும், எஸ்எஸ்எச் ஏஜென்டோடு பேச வேண்டும், கணினியில் நிறுவிய பேக்கப் கருவியைக் கூப்பிட வேண்டும், எங்கோ உள்ள எஸ்க்யூலைட் கோப்பைத் திறக்க வேண்டும். ஸ்நாப்பும் ஃபிளாட்பேக்கும் செயலியைச் சுற்றிப் போடும் சாண்ட்பாக்ஸ் என்ற வேலி இவை ஒவ்வொன்றையும் தடுப்பதற்காகவே இருக்கிறது.

கட்டுப்பாடுள்ள ஸ்நாப்புக்கு வீட்டு அடைவு தெரியும், ஆனால் புள்ளியில் தொடங்கும் மறை அடைவுகள் தெரியாது. எஸ்எஸ்எச் சாவிகள் இருப்பது அப்படிப்பட்ட மறை அடைவில்தான். கோப்புத் தேர்வுப் பெட்டியில் சாவி கண்ணுக்குத் தெரிந்தும் 'அனுமதி இல்லை' என்று வந்தால் இதுதான் காரணம். வொர்க்பெஞ்சை ஸ்நாப்பாக நிறுவினால் கடவுச்சொல் சேமிப்பும் வேலை செய்யாது. ஸ்நாப்பின் கனெக்ட் கட்டளையால் பாஸ்வேர்ட்-மேனேஜர்-சர்வீஸ் இணைப்பைக் கையால் இணைக்க வேண்டும்.

ஃபிளாட்பேக்தான் வழி என்றால் அனுமதிகளை மாற்ற உதவும் ஃபிளாட்சீல் நிறுவி, தேவையான அடைவுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். அமைப்புக் கோப்புகள் வீட்டில் வழக்கமான இடத்தில் இருக்காது, ஒவ்வொரு செயலிக்கும் உரிய தனி அடைவுக்குள் இருக்கும். பேக்கப் எடுக்கும்போது இது நினைவிருக்கட்டும்.

ஆப்இமேஜ் இரட்டைச் சொடுக்குக்கு அசையவே இல்லை என்றால் டெர்மினலில் ஓட்டிப் பாருங்கள். உபுண்டு 22.04 முதல், ஆப்இமேஜ் ஓடத் தேவையான லிப்ஃபியூஸ்2 தானாக வருவதில்லை. 24.04-இல் அதன் பேக்கேஜ் பெயரே லிப்ஃபியூஸ்2டி64 என்று மாறிவிட்டது. அந்த நூலகத்தை மட்டும் நிறுவுங்கள். வெறுமனே ஃபியூஸ் என்ற பழைய பேக்கேஜை நிறுவினால் அது ஃபியூஸ்3-ஐ அகற்றி, டெஸ்க்டாப்பின் சில பகுதிகளையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். 24.04-இல் இன்னொரு தடையும் உண்டு. உபுண்டுவின் பாதுகாப்பு அடுக்கான ஆப்ஆர்மர், சாதாரணப் பயனரின் நேம்ஸ்பேஸ்களைக் கட்டுப்படுத்துவதால் எலெக்ட்ரான் ஆப்இமேஜ்கள் சாண்ட்பாக்ஸ் பிழையோடு செத்துவிடும். சாண்ட்பாக்ஸை அணைத்து ஓட்டச் சொல்லும் குறிப்புகள் எங்கும் கிடைக்கும். டெப் பேக்கேஜுக்கு மாறுவது அதைவிட நல்லது.

டிபீவர் முதல் இணைப்பிலேயே டிரைவர் கிடைக்கவில்லை என்கிறது.

டிரைவர்கள் பேக்கேஜோடு வருவதில்லை. முதன்முறை இணையும்போது ஜாவா நூலகங்கள் இருக்கும் மேவன் களஞ்சியத்திலிருந்து இறங்கும். அலுவலக ப்ராக்ஸி அதைத் தடுக்கும். அமைப்புகளில் நெட்வொர்க் பக்கத்தில் ப்ராக்ஸி விவரம் கொடுங்கள். வெளியுலகத் தொடர்பே இல்லாத கணினி என்றால், வேறொரு கணினியில் ஜார் கோப்பை இறக்கிக் கொண்டுவந்து, டிரைவர் மேனேஜரில் நூலகங்கள் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அதே கணினியில் போஸ்ட்கிரெஸ். டெர்மினலில் நுழைகிறேன், டிபீவரில் கடவுச்சொல் தவறு என்கிறது. ஏன்?

ஏனென்றால் டெர்மினலில் நீங்கள் கடவுச்சொல்லே கொடுக்கவில்லை. டெபியன், உபுண்டுவில் போஸ்ட்கிரெஸ் நிறுவினால் யூனிக்ஸ் சாக்கெட் வழி வருபவரைப் 'பியர்' முறையில் சோதிக்கும். அதாவது லினக்ஸ் பயனர் பெயரும் டேட்டாபேஸ் பயனர் பெயரும் ஒன்றா என்று கர்னலிடம் கேட்டுக்கொள்ளும். டிபீவர் சாக்கெட் வழி வருவதில்லை. ஜேடிபிசி டிரைவர் போர்ட் 5432-இல் டிசிபி வழி வருகிறது. அங்கே கடவுச்சொல் கேட்கப்படும். போஸ்ட்கிரெஸ் என்ற பயனருக்கோ கடவுச்சொல் வைக்கப்படவே இல்லை. இல்லாத கடவுச்சொல்லை எத்தனை முறை அடித்தாலும் தவறுதான்.

தீர்வு: சூடோ வழியாக போஸ்ட்கிரெஸ் பயனராக பிஎஸ்க்யூஎல் திறங்கள். உங்களுக்கென்று தனி ரோல் (டேட்டாபேஸ் பயனர் கணக்கு) ஒன்றை லாகின் அனுமதியோடு உருவாக்குங்கள். பின்சாய்வுக் கோட்டோடு பாஸ்வேர்ட் என்ற கட்டளையை அந்த ரோல் பெயருடன் கொடுத்தால் கடவுச்சொல் கேட்கும். அதை டிபீவரில் போடுங்கள். அனுமதிக் கோப்பில் எல்லாவற்றையும் 'டிரஸ்ட்' என்று மாற்றச் சொல்லும் குறிப்பைப் பின்பற்ற வேண்டாம். அது கதவையே கழற்றி வைப்பது.

மைஎஸ்க்யூஎல்லிலும் கதை இதேதான். உபுண்டுவில் அதன் ரூட் பயனர் சாக்கெட் வழிச் சோதனையில் இருக்கிறார், அதனால் சூடோ இல்லாமல் அனுமதி மறுக்கப்படும். ரூட்டை மாற்றாதீர்கள்; புதுப் பயனரை உருவாக்கி, தேவையான ஸ்கீமாவுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் கட்டளைவரிக் கருவிக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' என்றால் சாக்கெட், 127.0.0.1 என்றால் டிசிபி. இணைப்பைச் சோதிக்கும்போது எப்போதும் 127.0.0.1 கொடுங்கள், ஜன்னல் கருவி போகும் வழியும் அதுதான்.

'பப்ளிக் கீ ரிட்ரீவல் இஸ் நாட் அலவ்ட்' என்று நிற்கிறது.

மைஎஸ்க்யூஎல் 8.0 முதல் கடவுச்சொல் சோதனை முறை மாறியது. மறையாக்கம் இல்லாத இணைப்பில், சர்வரின் பொதுச்சாவியை வாங்கித்தான் கடவுச்சொல்லை மறைத்து அனுப்ப முடியும். அந்த வாங்கலை டிரைவர் தானாகச் செய்யாது. சொந்தக் கணினி என்றால் டிரைவர் பண்புகளில் அதே பெயருள்ள அனுமதியை 'ட்ரூ' ஆக்குங்கள். வெளிச் சர்வர் என்றால் அதைத் தொடாமல் எஸ்எஸ்எல்லை இயக்குங்கள், சிக்கல் தானே தீரும்.

வெளிச் சர்வரோடு எஸ்எஸ்எச் சுரங்கம் போட எது சரி: கிளையன்டுக்குள்ளா, டெர்மினலிலா?

டேட்டாபேஸ் இணைப்பை எஸ்எஸ்எச் இணைப்புக்குள் வைத்து அனுப்புவதுதான் சுரங்கம். முதலில் டெர்மினலில் போட்டுப் பாருங்கள். எஸ்எஸ்எச் கட்டளையில் பெரிய எல் விருப்பத்தோடு 5433:லோக்கல்ஹோஸ்ட்:5432 என்று கொடுத்து, பிறகு கிளையன்டில் 127.0.0.1, போர்ட் 5433 என்று இணையுங்கள். இடப்பக்கம் 5433 ஏன்? உங்கள் கணினியிலும் ஒரு போஸ்ட்கிரெஸ் ஓடினால் 5432 ஏற்கெனவே பிடிக்கப்பட்டிருக்கும். சுரங்கம் விழாமலே, வெளிச் சர்வர் என்று நினைத்து உள்ளூர் டேட்டாபேஸில் வேலை செய்துகொண்டிருப்பீர்கள்.

நடுவில் உள்ள 'லோக்கல்ஹோஸ்ட்' உங்கள் கணினி அல்ல, எஸ்எஸ்எச் சர்வர் தன்னைப் பார்த்துச் சொல்லும் லோக்கல்ஹோஸ்ட். டிபீவரின் எஸ்எஸ்எச் பக்கத்தை நிரப்பும்போதும் இதே விதி. முதல் பக்கத்தில் டேட்டாபேஸ் முகவரியை எஸ்எஸ்எச் சர்வரின் கண்ணோட்டத்தில் எழுத வேண்டும். இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் லோக்கல்ஹோஸ்ட் என்றே. பொது ஐபியை அங்கே போட்டுவிட்டு, சுரங்கம் வேலை செய்யவில்லை என்று தேடுபவர்கள் நிறைய.

டெர்மினலில் வேலை செய்து கிளையன்டுக்குள் மட்டும் தோற்றால், சாவியின் வடிவம் காரணமாக இருக்கலாம். பழைய டிபீவர் பதிப்புகள் ஓபன்எஸ்எஸ்எச்சின் புதிய சாவி வடிவத்தைப் படிக்காது. பதிப்பைப் புதுப்பித்தால் தீரும்.

மதியம் சாப்பிட்டு வந்தால் இணைப்பு அறுந்திருக்கிறது.

நடுவில் உள்ள ஃபயர்வாலோ, முகவரி மாற்றித்தரும் நாட் கருவியோ சும்மா கிடக்கும் டிசிபி இணைப்பை வெட்டுகிறது. அமேசான் மேகத்தின் நாட் கேட்வேயில் அந்த வரம்பு 350 வினாடி. எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் சர்வர்-அலைவ்-இன்டர்வல் 60 என்று வையுங்கள். டிபீவரில் இணைப்பின் துவக்க அமைப்புகளில் கீப்-அலைவ் உண்டு, 300 வினாடிக்குக் கீழே கொடுங்கள்.

தவறிப்போய், பயனர்கள் பயன்படுத்தும் நேரடிச் சர்வரான புரொடக்‌ஷனில் அப்டேட் ஓட்டாமல் இருக்க என்ன செய்யலாம்?

கருவியைத் தேர்ந்தெடுப்பதில் உண்மையில் எடைபோட வேண்டியது இதைத்தான். அழகும் வேகமும் அப்புறம்.

டிபீவரில் ஒவ்வொரு இணைப்புக்கும் வகை உண்டு: டெவலப்மென்ட், டெஸ்ட், புரொடக்‌ஷன். புரொடக்‌ஷன் என்று குறித்தால் எடிட்டரே சிவப்புச் சாயல் காட்டும், மாற்றத்தை உடனே நிலையாக்கும் தானியங்கி கமிட் அணைந்துவிடும், மாற்றம் செய்யும் க்வெரிக்கு ஒப்புதல் கேட்கும். குறிக்காவிட்டால் இயல்பு டெவலப்மென்ட்தான். அப்டேட் போட்ட கணமே நிலைத்துவிடும். எந்த வரிசைகள் என்று சொல்லும் 'வேர்' நிபந்தனை இல்லாத அப்டேட், டெலீட்டுக்கு டிபீவரும் டேட்டாகிரிப்பும் எச்சரிக்கும். மைஎஸ்க்யூஎல் கட்டளைவரியில் பாதுகாப்பு முறைக்கு இரண்டு பெயர். ஒன்று 'சேஃப் அப்டேட்ஸ்', மற்றது 'ஐ ஆம் எ டம்மி'. இரண்டாவதைச் சொல்லி நுழைய வெட்கப்பட வேண்டியதில்லை.

வெற்று வரி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிபீவரில் க்வெரிகளைப் பிரிப்பது அரைப்புள்ளி மட்டும் அல்ல, அமைப்பைப் பொறுத்து வெற்று வரியும்தான். அப்டேட், செட் வரிகளை எழுதி, கண்ணுக்கு இதமாக ஒரு வரி விட்டு, அதன்பின் 'வேர்' எழுதினீர்கள் என்று வையுங்கள். பழைய பதிப்புகள் வெற்று வரியிலேயே வெட்டி, நிபந்தனை இல்லாத பாதியை ஓட்டும். புதியவை அடுத்த வரியையும் பார்த்து முடிவெடுக்கின்றன. அமைப்புகளில் எஸ்க்யூஎல் செயலாக்கம் பக்கத்தில் உங்களுடையது எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். வேர் அறுந்த அப்டேட் மொத்த டேபிளையும் சாய்த்துவிடும்.

இவை எல்லாம் கருவி தரும் வேலிகள். இவற்றைவிட உறுதியானது சர்வர் தரும் வேலி. பார்ப்பதற்கு மட்டும் தனிப் பயனர் வையுங்கள். போஸ்ட்கிரெஸ் 14 முதல் எல்லா டேபிளையும் படிக்க மட்டும் உரிமையுள்ள ரோல் கூடவே வருகிறது. அதன் பெயர் பிஜி-ரீட்-ஆல்-டேட்டா. தினசரி இணைப்பு அந்த ரோலில், எழுதும் இணைப்பு வேறு பெயரில். அவசரத்தில் கை எது செய்தாலும் சர்வர் மறுத்துவிடும்.

அப்படியானால் எல்லா இடத்திலும் மேனுவல் கமிட் வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். அதற்கும் விலை உண்டு. மேனுவல் முறையில் வெறும் செலக்ட் கூட, கமிட்டிலோ மாற்றத்தைக் கைவிடும் ரோல்பேக்கிலோ முடிய வேண்டிய ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிடும். முடிக்கும்வரை அந்த டேபிள்மேல் ஒரு மெல்லிய பூட்டு நிற்கும். போஸ்ட்கிரெஸில் நடப்பது இது. ஒருவர் செலக்ட் ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறார். டெப்ளாய்மென்டில் வரும் ஆல்டர் டேபிளுக்கு முழுப் பூட்டு வேண்டும். அது காத்து நிற்கிறது. அதன் பின்னால் வரும் எல்லா செலக்ட்டும் ஆல்டருக்குப் பின்னே வரிசையில் நிற்கின்றன. தளம் படுத்துவிடும், காரணம் யார் என்று பார்த்தால், திறந்து கிடக்கும் ஒரு டிபீவர் ஜன்னல்.

பிஜி-ஸ்டாட்-ஆக்டிவிட்டி என்ற வியூவில் நிலை 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' என்று உள்ள வரிசையைத் தேடுங்கள், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். வராமல் தடுக்க, மனிதர்கள் இணையும் ரோலுக்கு சும்மா கிடக்கும் டிரான்சாக்‌ஷனை வெட்டும் கால வரம்பை, உதாரணமாக 5 நிமிடம், சர்வரிலேயே வையுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. அங்கே ஆல்டர், டிராப் போன்றவை கேட்காமலே கமிட் செய்துவிடும். மேனுவல் முறையில் இருக்கிறோம், ரோல்பேக் செய்துகொள்ளலாம் என்று டேபிளை டிராப் செய்தால் திரும்பாது. போஸ்ட்கிரெஸில் திரும்பும்.

செயலியில் புதிய பதிவு சேர்ந்துவிட்டது, கிளையன்டில் எத்தனை முறை புதுப்பித்தாலும் வரவில்லை.

மைஎஸ்க்யூஎல்லும் மேனுவல் கமிட்டும் சேர்ந்தால் இதுதான். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பொறியான இன்னோடிபியின் இயல்பு நிலை 'ரிப்பீட்டபிள் ரீட்'. டிரான்சாக்‌ஷனில் முதல் செலக்ட் பார்த்த படத்தையே முடியும்வரை காட்டும். கமிட்டோ ரோல்பேக்கோ அழுத்தி மறுபடி ஓட்டுங்கள்.

கடவுச்சொற்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன? நம்பலாமா?

டிபீவர் கம்யூனிட்டி அவற்றை மறையாக்கம் செய்துதான் வைக்கிறது, ஆனால் அதன் சாவி திறமூலக் குறியீட்டிலேயே இருக்கிறது. கோப்பை எடுத்தவர் படித்துவிடலாம். மாஸ்டர் பாஸ்வேர்ட் வைத்தால் நிலைமை மாறும். லேப்டாப்பின் வட்டையே மறையாக்கம் செய்திருப்பது இன்னும் நல்லது.

வொர்க்பெஞ்ச் போன்றவை டெஸ்க்டாப்பின் சாவிக்கொத்தை நம்புகின்றன. க்னோம், கேடிஇயில் அது தானாக ஓடும். ஐ3, ஸ்வே போன்ற எளிய சூழலில் யாரும் அதைத் தொடங்குவதில்லை. 'சேமி' என்று குறித்தும் ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்டால் க்னோம் கீரிங் ஓடுகிறதா என்று பாருங்கள்.

பிஎஸ்க்யூஎல்லுக்கு வீட்டு அடைவில் புள்ளி பிஜிபாஸ் என்ற கோப்பு. வரிக்கு ஐந்து புலம், இடையில் முக்காற்புள்ளி: ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், பயனர், கடவுச்சொல். கோப்பின் அனுமதி 0600-ஐவிடத் தளர்வாக இருந்தால், ஓர் எச்சரிக்கை காட்டிவிட்டு அதைப் புறக்கணித்துவிடும்.

'ஆசியா/கல்கத்தா' தவறான நேர வலயம் என்று சொல்லி போஸ்ட்கிரெஸ் இணைப்பே மறுக்கிறது!

இந்திய நேரத்தில் கணினி வைத்திருப்பவர்களுக்கே உரிய தலைவலி. ஜேடிபிசி டிரைவர் இணையும்போது ஜாவாவின் நேர வலயப் பெயரைச் சர்வருக்கு அனுப்பும். கணினியில் அது பழைய பெயரில் இருந்தால் 'ஆசியா/கல்கத்தா' என்றே போகும். புதிய டெபியனும் உபுண்டு 24.04-உம் பழைய பெயர்களைத் தனி பேக்கேஜாகப் பிரித்துவிட்டன. அது இல்லாத சர்வருக்கோ கன்டெய்னருக்கோ அந்தப் பெயர் தெரியாது. கணினியின் நேர வலயத்தை ஆசியா/கொல்கத்தா என்று மாற்றுங்கள். அதற்கும் மசியாவிட்டால் டிபீவர் அமைப்புகளில் பயனர் இடைமுகம் பக்கத்தில் உள்ள கிளையன்ட் நேர வலயத்தை அப்படியே குறிப்பிட்டு, மூடித் திறங்கள்.

ஒரே வரிசை பிஎஸ்க்யூஎல்லில் ஒரு நேரமும் டிபீவரில் ஐந்தரை மணி தள்ளியும் காட்டினால் டேட்டா கெடவில்லை. ஒன்று சர்வரின் யுடிசியிலும் மற்றது உங்கள் கணினி நேரத்திலும் காட்டுகிறது, அவ்வளவுதான்.

தமிழ் எழுத்துகள் பெட்டியாக, கேள்விக்குறியாகத் தெரிகின்றன.

மூன்று வெவ்வேறு நோய். பெட்டியாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை; உபுண்டுவில் நோட்டோ எழுத்துருக்களின் கோர் பேக்கேஜையோ லோஹித் தமிழையோ நிறுவி, கிளையன்டை மூடித் திறங்கள். தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக இரைந்தால், யுடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன் என்று படித்திருக்கிறார்கள், பெரும்பாலும் மீட்கலாம். கேள்விக்குறியாகவே சேமிக்கப்பட்டிருந்தால் மூல எழுத்து போய்விட்டது. பேக்கப்பைத் தேடுங்கள்.

மைஎஸ்க்யூஎல்லின் பழைய மூன்று பைட் யுடிஎஃப்-8 தமிழுக்குப் போதும். எமோஜி வந்தால்தான் இடறும். இருந்தாலும் புதிய டேபிளுக்கு யுடிஎஃப்8எம்பி4 தான் வேண்டும்.

நீளம் பார்க்கும்போது ஏமாறாதீர்கள். 'தமிழ்' கண்ணுக்கு மூன்று எழுத்து. டேட்டாபேஸுக்கு 5 குறியீடு, 15 பைட். மைஎஸ்க்யூஎல்லின் லெங்த் 15 சொல்லும், கேர்-லெங்த் 5 சொல்லும். போஸ்ட்கிரெஸில் லெங்த் 5.

தேடலில் இதைவிட நுட்பமான பொறி உண்டு. 'கொடி' என்ற சொல்லில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், தனித்தனி இரண்டாகவும் இருக்கலாம். திரையில் மயிரிழை வேறுபாடும் தெரியாது, ஆனால் சமக்குறி போட்டால் பொருந்தாது. போஸ்ட்கிரெஸ் 13 முதல் உள்ள நார்மலைஸ் செயற்கூறால் இரு பக்கத்தையும் ஒரே வடிவாக்கி ஒப்பிடுங்கள்.

டெர்மினலில் கட்டங்கள் கோணலாகவும் உயிர்க்குறிகள் இடம் மாறியும் தெரிவது டெர்மினலின் குறை. பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்வுக் கோட்டோடு எக்ஸ் கொடுத்தால் ஒவ்வொரு புலமும் தனி வரியில் வரும், படிக்க முடியும்.

சிஎஸ்வியாக ஏற்றுமதி செய்து எக்செலில் திறப்பவருக்கு அனுப்பினால், ஏற்றுமதி விருப்பத்தில், குறியாக்கத்தைக் காட்டும் தொடக்கக் குறியான பிஓஎம் சேர்க்கச் சொல்லுங்கள். லிப்ரேஆபிஸ் எந்தக் குறியாக்கம் என்று திறக்கும்போதே கேட்டுவிடும்.

பல லட்சம் வரிசை ஏற்றுமதி செய்தால் கிளையன்ட் தொங்கிவிடுகிறது.

அது ஜன்னல் கருவியின் வேலை அல்ல. பிஎஸ்க்யூஎல்லில் பின்சாய்வுக் கோட்டோடு தொடங்கும் காப்பி கட்டளை கோப்பை உங்கள் கணினியில் எழுதும். முழுக் கட்டளையும் ஒரே வரியில் இருக்க வேண்டும். பின்சாய்வு இல்லாத காப்பி சர்வரின் வட்டில் எழுதும், அதற்குத் தனி உரிமை வேண்டும். டிபீவரில்தான் செய்தாக வேண்டும் என்றால், நினைவக உச்சவரம்பு இயல்பாக 1024 எம்பி. டிபீவரின் ஐஎன்ஐ கோப்பில் எக்ஸ்எம்எக்ஸ் மதிப்பைக் கூட்டலாம்.

பேக்கப் எடுக்கும்போது 'சர்வர் வெர்ஷன் மிஸ்மேட்ச்' வருகிறது.

ஜன்னல் கருவிகள் பேக்கப்பைத் தாங்களே எடுப்பதில்லை. கணினியில் உள்ள, போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி-டம்ப்பைக் கூப்பிடுகின்றன. தன்னைவிடப் புதிய பெரும்பதிப்புச் சர்வரை அது தொடாது. உபுண்டு 24.04 தருவது பதிப்பு 16. உங்கள் சர்வர் 17 என்றால் நின்றுவிடும். போஸ்ட்கிரெஸ் திட்டத்தின் சொந்தக் களஞ்சியத்தைச் சேர்த்து, சர்வர் இல்லாமல் கிளையன்ட் 17-ஐ மட்டும் நிறுவி, அந்தப் பாதையைக் கருவியின் அமைப்பில் காட்டுங்கள்.

மரியாடிபியில் எடுத்த டம்ப்பை மைஎஸ்க்யூஎல்லில் ஏற்றும்போது முதல் வரியிலேயே 'தெரியாத கட்டளை' என்றால், 2024 முதல் மரியாடிபி கோப்பின் தலையில் சேர்க்கும் சாண்ட்பாக்ஸ் குறிப்பு காரணம். அந்த ஒரு வரியை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

எஸ்க்யூலைட்: 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்'.

டிபி பிரௌசரில் ஒரு கட்டத்தைத் திருத்தினால் அது உடனே எழுதப்படாது. 'ரைட் சேஞ்சஸ்' அழுத்தும்வரை டிரான்சாக்‌ஷன் திறந்தே நிற்கும், மற்ற செயலிகள் எழுத முடியாது. அழுத்துங்கள், அல்லது மாற்றத்தைக் கைவிடுங்கள். செயலி ஓடும்போது கோப்பை நகலெடுப்பதாக இருந்தால், மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதும் 'வால்' முறையில் உள்ள டேட்டாபேஸுக்குப் பக்கத்தில் அதே பெயரில் வால் என்ற பின்னொட்டோடு இன்னொரு கோப்பு இருக்கும். கடைசியாக எழுதியவை அதில்தான். அதை விட்டுவிட்டு வந்தால் நேற்றைய டேட்டாதான் கையில் இருக்கும்.

புதுக் கணினிக்கு மாறும்போது இணைப்புகளைக் கொண்டுபோவது எப்படி?

டிபீவர் என்றால் வீட்டு அடைவில் புள்ளி லோக்கல், அதனுள் ஷேர், அதனுள் டிபீவர்டேட்டா. கருவியை மூடிவிட்டு அந்த அடைவை முழுதாக நகலெடுங்கள். இணைப்புப் பட்டியல் இருப்பது உள்ளே ஒரு மறை அடைவில். கோப்பு மேலாளரில் கண்ணில் பட்டதை மட்டும் தேர்ந்தெடுத்து இழுத்தால், ஸ்கிரிப்டுகள் வந்து சேரும், இணைப்புகள் வராது.